பார்க்கர் 51: பழைய பேனாவை இனம் கண்டு, சோதித்து வாங்கி, எழுத வைப்பது எப்படி?

பழைய மைப்பேனா வாங்கப் போகிறவரின் கை முதலில் நீள்வது மூடிக்குத்தான். தங்க நிறம், அம்பு கிளிப், விளிம்பில் பொடி எழுத்து. விற்பவரும் அதைத்தான் முன்னால் நீட்டுவார். பார்க்கர் 51 விஷயத்தில் இது தலைகீழ்ப் பார்வை. ஒரே அளவுள்ள இன்னொரு 51-இன் மூடி இதற்கும் பொருந்திவிடும். எண்பது வருடப் பேனா எத்தனை கை மாறியதோ, எந்தக் கையில் மூடி மாறியதோ, யாருக்கும் தெரியாது. பேனா எந்தக் காலத்தது என்பதை நம்பிச் சொல்லக்கூடியது உள்ளே இருக்கும் மை நிரப்பும் அமைப்புதான். அங்கே தொடங்கி வெளியே வரவேண்டும். மூடியைக் கடைசியில் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

பழைய பேனா சேகரிப்பில் இறங்குபவருக்கு 51-ஐ முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோடிக் கணக்கில் விற்ற பேனா என்பதால் இன்றும் கிடைக்கிறது. உதிரிப் பாகங்கள் கிடைக்கின்றன. 14 கேரட் தங்க நிப் இருக்கிறது. எல்லாவற்றையும் விட, அதன் உடல் லூசைட் எனப்படும் அக்ரிலிக். சுருங்காது, வளையாது, நிறம் போகாது. அதே காலத்து மற்ற பேனாக்களின் செல்லுலாய்ட் உடல் இந்த மூன்றையும் செய்யும்.

லூசைட் வந்ததற்கும் காரணம் மைதான். எழுதிய உடனே காய்ந்துவிடும் ஒரு மையைப் பார்க்கர் நிறுவனம் தயாரித்திருந்தது. காரத்தன்மை மிகுந்த அந்த மை செல்லுலாய்டை அரித்தது. காகிதத்தில் சீக்கிரம் காயும் மை நிப்பிலும் சீக்கிரம் காயும். ஆகவே மைக்குத் தாங்கும் அக்ரிலிக் உடலும், நிப்பின் நுனியை மட்டும் வெளியே விட்டு மற்றதை மூடும் ஹூட்டும் வந்தன. நிறுவனம் தொடங்கியது 1888. அதன் 51-வது ஆண்டான 1939-இல் உருவான பேனா என்பதால் 51 என்று பெயர். அமெரிக்கச் சந்தைக்கு முழுமையாக வந்தது 1941-இல். தயாரிப்பு 1970-கள் வரை நடந்தது.

முதல் படி: பின்பக்கத்தைத் திருகிப் பாருங்கள்

51-இல் பரவலாக வந்த மை நிரப்பும் முறை இரண்டு. 1941 முதல் 1948 வரை வேக்குமேட்டிக். 1948-க்குப் பிறகு ஏரோமெட்ரிக்.

மூடியைக் கழற்றிவிட்டுப் பேனாவின் பின்முனையை உற்றுப் பாருங்கள். நுனியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் அளவில் மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்தால் அது வேக்குமேட்டிக். கோட்டுக்குப் பின்னால் சிறு குப்பி போல இருக்கும் பகுதியைத் திருகிக் கழற்றினால் உள்ளே அழுத்தும் பிஸ்டன் போன்ற ஒரு தண்டு இருக்கும். தண்டு அலுமினியமாக இருந்தால் பேனா பெரும்பாலும் 1941–42. பிளாஸ்டிக்காக இருந்தால் அதற்குப் பிந்தியது. இந்த வகையில் தனி மைப்பை கிடையாது. பேரல் என்னும் உடற்குழாயே மைத்தொட்டி. பின்னால் டயாஃப்ரம் என்னும் ரப்பர் சவ்வு மட்டும் உண்டு. இணைப்பு நன்றாகப் பொருந்திய பேனாக்களில் அந்தக் கோடு கண்ணுக்குச் சிக்காது; நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டுப்படும்.

இணைப்புக் கோடே இல்லையென்றால் பேரலை நடுவில், உலோக வளையத்துக்குப் பக்கத்தில், பிடித்துத் திருகுங்கள். பேரல் தனியாகக் கழன்று வந்து உள்ளே உலோகக் கூடும் அதில் வரிவரியான ஓர் அழுத்துப் பட்டையும் தெரிந்தால் ஏரோமெட்ரிக். கூட்டின் மேல் மை நிரப்பும் முறையை எழுத்தில் பொறித்திருப்பார்கள். கூட்டுக்குள் இருக்கும் பை ரப்பர் அல்ல, பிளை கிளாஸ் என்று பார்க்கர் பெயரிட்ட பிவிசி. எழுபது வருடம் ஆகியும் பல பேனாக்களில் அந்தப் பை இன்னும் வேலை செய்கிறது. முதன்முதலில் பழைய பேனா வாங்குபவர் ஏரோமெட்ரிக்கையே வாங்கட்டும். வேக்குமேட்டிக் அழகுதான். ஆனால் அதன் டயாஃப்ரம் ரப்பர். புதுப்பிக்காத பேனா என்றால் அது கெட்டுப்போயிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு விலை பேச வேண்டும்.

கழற்றியதும் மூன்றாவதாக வேறு ஏதாவது தெரிந்தால், கையிலிருப்பது பெரும்பாலும் 1941–1970-களின் 51 அல்ல. கழற்றி மாட்டும் மைக்குழலான கார்ட்ரிட்ஜ் அல்லது கன்வெர்ட்டர் செருகும் இடமும், மூடியைத் திருகி மூடும் மரையும் இருந்தால் அது 2021-இல் பார்க்கர் வெளியிட்ட புதிய 51. பழைய 51-இன் மூடி திருகுவதில்லை. நேராக இழுத்தால் கழலும், தள்ளினால் பிடித்துக்கொள்ளும்.

நம் ஊரில் அதிகம் குழம்புவது சீனப் பேனாக்களிடம்தான். ஹீரோ பேனா பிடித்து எழுதிய தலைமுறைக்கு இந்த உருவம் பழக்கமானது. ஹீரோ 100, ஹீரோ 616, விங்சங் 601, ஜின்ஹாவ் 51ஏ எல்லாமே 51-ஐப் பார்த்துச் செய்தவை. அவற்றில் தவறொன்றும் இல்லை, சில நன்றாகவே எழுதும். ஆனால் மூடி விளிம்பிலோ உள் கூட்டிலோ சீன எழுத்து இருந்தும் "அப்பா காலத்துப் பார்க்கர்" என்று விலை சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பார்க்கரின் சொந்தத் தம்பிகளும் உண்டு. பார்க்கர் 21 என்பது 1948-இல் வந்த மலிவுப் பதிப்பு. உடல் பாலிஸ்டைரின், நிப் ஆக்டேனியம் எனப்படும் எட்டு உலோகக் கலவை. ஹூட்டிலும் பேரல் விளிம்பிலும் முடி போன்ற விரிசல் விழுவது இதன் வழக்கம். 51 ஸ்பெஷல் 1950-இல் வந்தது. உடல் அசல் 51-தான், ஆனால் நிப் தங்கமல்ல, அதே ஆக்டேனியம். மூடி பளபளப்பான எஃகு. இதைத் தங்க நிப் 51-இன் விலைக்கு விற்பதும் நடக்கிறது.

இரண்டாம் படி: பேரலில் உள்ள எழுத்தைப் படியுங்கள்

இதற்கு 10 மடங்கு உருப்பெருக்கும் லூப் ஒன்றும் சின்ன டார்ச்சும் வேண்டும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் அதே லூப் போதும். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பித் தெரியும்.

எழுத்து உலோக வளையத்துக்குப் பக்கத்தில், பேரலைச் சுற்றி இருக்கும். தயாரித்த நாடு முதலில். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் ஜேன்ஸ்வில், கனடாவில் டொரன்டோ, இங்கிலாந்தில் நியூஹேவன் ஆகியவை முக்கியமான தொழிற்சாலைகள். அமெரிக்கப் பேனாக்களில் நாட்டின் பெயருக்குப் பின்னால் ஒரு இலக்கமும் புள்ளிகளும் இருக்கும். அதுதான் தேதிக் குறி.

இலக்கம் ஆண்டின் கடைசி எண். புள்ளிகள் காலாண்டு. எண்ணும் முறை நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு: மூன்று புள்ளி என்றால் முதல் காலாண்டு, இரண்டு என்றால் இரண்டாவது, ஒன்று என்றால் மூன்றாவது, புள்ளியே இல்லாவிட்டால் நான்காவது. வருடத்துக்கு ஒரு அச்சு செய்து, காலாண்டு முடிய முடிய ஒவ்வொரு புள்ளியாகச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். புது அச்சு செய்யும் செலவு மிச்சம்.

ஆக, 4 என்ற இலக்கமும் ஒரு புள்ளியும் இருந்தால் 1944, ஜூலை முதல் செப்டம்பர் வரை. 1 என்று இருந்தால்? 1941-ஆகவும் இருக்கலாம், 1951-ஆகவும் இருக்கலாம். இங்கேதான் முதல் படி கைகொடுக்கிறது. வேக்குமேட்டிக் என்றால் 1941, ஏரோமெட்ரிக் என்றால் 1951. 8 என்ற இலக்கம் மட்டும் இரண்டு வகையிலும் வரும், ஏனென்றால் மாற்றம் நடந்தது 1948-இல். 1950-களின் தொடக்கத்துக்குப் பிறகு அமெரிக்கப் பேனாக்களில் இந்தக் குறி நின்றுவிட்டது. இங்கிலாந்துப் பேனாக்களில் குறி இல்லையென்று கவலைப்பட வேண்டாம். பலவற்றில் இருந்ததே இல்லை.

புள்ளிகளை எண்ணும்போது அவசரம் ஆகாது. அரைகுறையாகத் தேய்ந்த புள்ளியை விட்டுவிட்டு எண்ணினால் ஒரு காலாண்டு தவறும், பெரிய நஷ்டமில்லை. ஆனால் எழுத்தே மழுங்கிப் பேரல் மட்டும் கண்ணாடி போல மின்னினால், யாரோ பஃபிங் சக்கரத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். அந்தப் பேனா பளபளப்பாக இருக்கும், சேகரிப்பு மதிப்பில் பாதி போயிருக்கும்.

மூன்றாம் படி: நிறமும் அளவும்

லூசைட் வெயிலில் வெளுக்காது. அதனால் ஹூட்டுக்கும் பேரலுக்கும் நிறம் ஒட்டாமல் இருந்தால் "பழசாகிவிட்டதால் அப்படி" என்ற விளக்கத்தை ஏற்காதீர்கள். இரண்டில் ஒன்று வேறு பேனாவிலிருந்து வந்தது.

நிறத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் முடிவு செய்யக் கூடாது. கடும் நீலமும் கறுப்பும் ஒன்றுபோலவே தெரியும். பர்கண்டியும் கார்டோவன் பிரவுனும் அப்படியே. பேரலைக் கழற்றி, மரை இருக்கும் மெல்லிய விளிம்பில் டார்ச்சை வைத்துப் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சுங்கள். கறுப்பு ஒளியை விடாது. நீலம் விளிம்பில் நீலமாகவே ஒளிரும். இந்தச் சோதனை அரை நிமிடம்தான். கறுப்பை நீலம் என்று நம்பி ஏமாறுபவர்களும் உண்டு, கறுப்பு விலைக்கு நீலத்தை விற்றுவிடுபவர்களும் உண்டு.

அரிய நிறங்களில் ஆசை வைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை: நசாவ் கிரீன் தொடக்க ஆண்டுகளுக்கு உரியது, மஞ்சள் சாயல் கொண்ட மஸ்டர்ட், யெல்லோஸ்டோன் ஆகியவை வேக்குமேட்டிக் காலத்தவை, பிளம் என்னும் ஊதா தொடக்க ஏரோமெட்ரிக்கில் சிறிது காலமே வந்தது. ஆகவே பிளம் நிறத்தில் வேக்குமேட்டிக் வந்தால், மஸ்டர்ட் நிறத்தில் ஏரோமெட்ரிக் வந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள்.

அளவு இரண்டு. முழு அளவுப் பேனா மூடியோடு சுமார் 13.7 முதல் 14 சென்டிமீட்டர். டெமி அதைவிடக் குட்டை. 1947-இல் வந்த வேக்குமேட்டிக் டெமி ஒல்லியாகவும் இருக்கும். பின்னால் வந்த ஏரோமெட்ரிக் டெமி நீளத்தில் மட்டும்தான் குறைவு. ஒல்லி டெமியின் மூடி மற்றவற்றுக்குப் பொருந்தாது என்பதால், அதை மூடியில்லாமல் வாங்குவது வீண் வேலை.

நான்காம் படி: நிப்பும் ஹூட்டும்

பேனாவைக் கவிழ்த்து, நிப்பை அடிப்பக்கத்திலிருந்து லூப்பில் பாருங்கள். வெளியே தெரிவது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஆனால் முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது.

நுனியில் உருண்டையாக, வேறு நிறத்தில் ஒரு கடின உலோகத் துளி இருக்க வேண்டும். துளி முழுதாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் சாய்வாகத் தட்டையாகியிருந்தால் முந்தைய சொந்தக்காரர் அந்தக் கோணத்தில் பல்லாண்டு எழுதியிருக்கிறார். அதே கோணத்தில் பிடித்தால் வெண்ணெய் போல எழுதும், பேனாவைக் கொஞ்சம் திருப்பினால் காகிதத்தைக் கீறும். துளியே இல்லாமல் வெறும் தங்கம் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். புதுத் துளி ஒட்டுவது ஒரு சில நிபுணர்களின் வேலை. பேனாவின் விலையை விடக் கூலி அதிகமாகும்.

அடுத்து, நடுப்பிளவின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தால் கீறும். இது விரல் நகத்தாலேயே சரிசெய்யக்கூடிய குறை. உயர்ந்திருக்கும் பக்கத்தை மிக மென்மையாக அழுத்தி, எழுதிப் பார்த்து, மறுபடி அழுத்த வேண்டும். இடுக்கியைத் தொடவே வேண்டாம்.

ஹூட்டின் கூர்முனைக்கு நேர் நடுவில் நிப் இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தால் யாரோ ஹூட்டைக் கழற்றிச் சரியாக மாட்டவில்லை. பெரிய சேதம் இல்லை. ஆனால் ஹூட்டின் மேல் வரிவரியாகப் பல் பதிந்த தடம் இருந்தால், சூடு காட்டாமல் இடுக்கியால் முறுக்கியிருக்கிறார்கள். டார்ச்சைப் பின்னால் வைத்து மரைப் பகுதியில் விரிசல் தேடுங்கள்.

கடைசியாக மூடி

வேக்குமேட்டிக் காலத்து மூடிகளில் கிளிப்பின் அம்பு நீளமானது. பலவற்றில் நீல நிற வைர வடிவக் குறி ஒன்றும் இருக்கும். ஆயுள் உத்தரவாதத்தின் அடையாளம் அது. ஏரோமெட்ரிக் காலத்தில் கிளிப் குட்டையானது, நீல வைரம் போய்விட்டது. மூடியின் உச்சியிலுள்ள அலங்கார மணியையும் பாருங்கள். முதல் ஆண்டுப் பேனாக்களில் அது அலுமினியம். பின்னால் முத்துப்போல் மினுங்கும் பிளாஸ்டிக். மணி மூடியில் மட்டும் இருப்பவை ஒரு வகை, பேனாவின் பின்முனையிலும் இன்னொரு மணி இருப்பவை இன்னொரு வகை. இரட்டை மணி வேக்குமேட்டிக்குக்கே உரியது, விலையும் கூடுதல்.

உலோகத்தில்தான் ஏமாற்று அதிகம். விளிம்பை லூப்பில் படியுங்கள். 1/10 என்ற பின்னமும் 12 அல்லது 16 என்ற கேரட் எண்ணும் சேர்ந்து இருந்தால் அது தங்கத் தகடு போர்த்தியது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குதான் அந்தக் கேரட் தங்கம் என்று பொருள். பின்னமே இல்லாமல் கேரட் மட்டும் இருந்தால்தான் கெட்டித் தங்கம் என்று மேற்கொண்டு பேசலாம். ஸ்டெர்லிங் என்று இருந்தால் வெள்ளி. லஸ்ட்ராலாய் என்பது பிரஷ் செய்தாற்போல் மங்கலாக விடப்பட்ட எஃகு. அதைப் பித்தளைப் பாத்திரம் துலக்குவது போலத் துலக்கினால் அந்த மங்கல் போய்விடும், திரும்ப வராது.

மூடியை இரண்டு மூன்று முறை போட்டுக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் வில் விரல்கள் உலோக வளையத்தை மெத்தென்று பிடிக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் சட்டைப்பையிலிருந்து குனியும்போது பேனா மட்டும் விழும், மூடி பையிலேயே இருக்கும்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒரு பர்கண்டி நிறப் பேனா வருகிறது. பின்னால் இணைப்புக் கோடு, உள்ளே பிளாஸ்டிக் தண்டு. பேரலில் 5 என்ற இலக்கம், இரண்டு புள்ளி. ஹூட்டின் நிறம் பேரலோடு ஒட்டுகிறது. மூடியில் தங்கத் தகடு, குட்டை அம்பு, நீல வைரம் இல்லை. பேனா 1945 ஏப்ரல்–ஜூன் என்பதில் சந்தேகமில்லை. மூடி அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியது. எழுதுவதற்கு வாங்குபவருக்கு இதில் குறையே இல்லை. சேகரிப்புக்கு என்றால் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும். அந்தக் காலத்து மூடியைத் தனியாக வாங்கும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

1945 என்றதும் விற்பவர்கள் இரண்டாம் உலகப் போரின் நேச நாட்டுத் தளபதி ஐசன்ஹோவரை இழுப்பார்கள். அந்த ஆண்டு மே 7 அன்று ரீம்ஸ் நகரில் ஜெர்மனி சரணடைந்த பின், கையெழுத்துக்குப் பயன்பட்ட இரு பேனாக்களை அவர் 'வி' வடிவில் உயர்த்திப் பிடித்த படம் பிரபலம். அவை பார்க்கர் 51-கள்தாம். உங்கள் முன் இருக்கும் பேனாவுக்கும் அதற்கும் தேதியைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை.

வாங்கும் இடத்தில் செய்யும் சோதனை

நேரில் வாங்கினால் ஒரு டம்ளர் தண்ணீரும் டிஷ்யூ தாளும் கேட்டு வாங்குங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஏரோமெட்ரிக் என்றால் ஹூட் பாதி மூழ்கும்படி தண்ணீரில் வைத்து, பட்டையை ஆறு முறை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் இடையில் மூன்று நான்கு விநாடி விட வேண்டும், இல்லாவிட்டால் பை நிரம்ப நேரமிருக்காது. முதல் சில அழுத்தல்களில் காற்றுக்குமிழ் வந்து, பிறகு குறைய வேண்டும். வெளியே எடுத்து மீண்டும் அழுத்தினால் நல்ல பேனா சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைக் கக்கும். குமிழே வரவில்லை என்றால் உள்ளே மை கட்டியாகக் காய்ந்திருக்கலாம், அது சரியாகும். கடைசி வரை குமிழ் மட்டும் வந்து தண்ணீர் ஏறாவிட்டால் பைக்குள் இருக்கும் மெல்லிய மூச்சுக்குழாய் அரித்துப்போயிருக்கும் அல்லது கழன்றிருக்கும்.

வேக்குமேட்டிக்கில் தண்டைப் பத்து முறை அழுத்தி விடுங்கள். அழுத்திய தண்டு திரும்பி வராவிட்டால் சுருள்வில் துருப்பிடித்துவிட்டது. பின்குப்பியில் ஈரம் தெரிந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது.

இணையத்தில் வாங்கினால் ஐந்து படம் கேளுங்கள்: நிப் அடிப்பக்கத்திலிருந்து, பேரல் எழுத்து, கழற்றிய நிலையில் மை நிரப்பும் அமைப்பு, மூடி விளிம்பின் எழுத்து, மூடி உச்சி. மூடிய பேனாவை வெல்வெட் மேல் வைத்து எடுத்த ஒரே படத்தை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின்: சுத்தம் செய்தல்

51-இன் ஹூட்டுக்குள்ளே கலெக்டர் என்ற பாகம் இருக்கிறது. அடுக்கடுக்கான மெல்லிய தகடுகள் கொண்ட இது, கை வெப்பத்தால் காற்று விரியும்போது வெளியே தள்ளப்படும் மையைத் தாங்கிப் பிடித்து, நிப்பில் சொட்டாமல் காக்கும். பழைய மை காய்ந்து அடைத்துக் கிடப்பதும் இதில்தான். குழாயில் பிடித்து நாலு அலசு அலசினால் தண்ணீர் தெளிவாக வரும். மறுநாள் எழுதினால் மங்கல் நீலமாக ஓடி நின்றுவிடும். அதனால் பொறுமைதான் முதல் கருவி.

கண்ணாடி டம்ளரின் அடியில் டிஷ்யூ மடித்துப் போட்டு, உலோக வளையம் வரை சாதாரணத் தண்ணீர் ஊற்றி, நிப் கீழாகப் பேனாவை நிறுத்துங்கள். போர்வெல் தண்ணீர் உப்பு படியும். ஆர்ஓ தண்ணீர் போதும். காலையும் மாலையும் தண்ணீரை மாற்றி, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து தடவை அழுத்தி வெளியேற்றுங்கள். மூன்று நாள் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். ஒரு டம்ளருக்கு ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்தால் வேகம் கூடும். பிறகு வெறும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். வெந்நீர் கூடாது. ஸ்பிரிட், சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் லூசைட்டின் அருகே வரக் கூடாது. உடம்பெல்லாம் சிலந்திவலை போல விரிசல் விடும்.

ஊறவைக்கும் இந்த முறை 51-க்கு உரியது. எபோனைட் என்னும் கெட்டி ரப்பர் பேனாவை இப்படி ஊறவைத்தால் கறுப்பு நிறம் பழுப்பாகிவிடும்.

ஹூட்டைக் கழற்ற வேண்டி வந்தால்

ஒரு வாரம் ஊறியும் மை ஓடாவிட்டால் மட்டும் இதில் இறங்குங்கள். ஹூட் அரக்கு வைத்து ஒட்டப்பட்டிருக்கும். அரக்கு இளக 60–65 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கு வெகு மேலே போனால் லூசைட்டே இளகி உருவம் மாறும். அடுப்பு, மெழுகுவர்த்தி, லைட்டர் வேண்டாம். தலைமுடி உலர்த்தும் டிரையரை ஒரு சாண் தள்ளி வைத்து, பேனாவைச் சுழற்றிக்கொண்டே நாற்பது ஐம்பது விநாடி காட்டுங்கள். ரப்பர் கையுறையோ பழைய சைக்கிள் டியூப் துண்டோ வைத்து ஹூட்டைப் பிடித்து, இடப்பக்கம் மெல்லத் திருகுங்கள். அசையவில்லையா? பலத்தைக் கூட்டாதீர்கள், மறுபடி சூடு காட்டுங்கள். நாலைந்து முறை காட்ட வேண்டியிருக்கலாம். ஹூட்டை உடைப்பவர்கள் எல்லோரும் இரண்டாவது முறையிலேயே உடைக்கிறார்கள்.

ஹூட் வந்ததும் உலோக வளையம் நழுவி விழும். எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம், மாற்றிப் போட்டால் மூடி பிடிக்காது. பிறகு கலெக்டர், அதன் முன்னால் குழாய் வடிவ நிப், நிப்புக்குள் மையைக் கொண்டுசெல்லும் ஃபீட், நடுவே மூச்சுக்குழாய். மூச்சுக்குழாயை வளைக்கக் கூடாது. கலெக்டரின் தகடுகளைக் குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷால் தண்ணீரில் துலக்குங்கள். ஊசி போட்டுக் குடைந்தால் தகடு ஒடியும்.

திரும்ப மாட்டும்போது முதலில் ஒட்டாமலே ஒருமுறை முடுக்கி, நிப் நடுவில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் நிப்பையும் ஃபீடையும் சேர்த்துச் சற்றே திருப்பி மறுபடி பாருங்கள். சரியாக வந்தபின் மரையில் அரக்குக் கரைசலை மெல்லிய பூச்சாக இட்டு முடுக்கி, ஒரு நாள் காயவிடுங்கள். மரச்சாமான் பாலிஷுக்கு விற்கும் அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்தால் இந்தக் கரைசல் கிடைக்கும். லூசைட்டின் வெளிப்புறத்தில் படாமல், தீக்குச்சி நுனியால் தொட்டு வைக்க வேண்டும். ஃபெவிக்விக் போட்டால் அடுத்தவர் அந்தப் பேனாவைத் திறக்கவே முடியாது. அரக்கே இடாமல் விட்டால் வளையத்தின் ஓரம் மை கசிந்து விரலில் ஒட்டும்.

வேக்குமேட்டிக்கின் டயாஃப்ரம் மாற்றுவது அடுத்த கட்டம். அதற்கு மரைக் கழுத்தைப் பிடிக்கும் தனிக் கட்டைக் கருவி இல்லாமல் தொடங்கக் கூடாது. 51-க்கு வேண்டியது டெபுடான்ட் எனப்படும் சிறிய அளவு டயாஃப்ரம். பெரிய வேக்குமேட்டிக் பேனாக்களுக்கானது பொருந்தாது. புதிது மாட்டிய பேனா கசிந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: பேரலின் உள்விளிம்பில் ஒட்டிய பழைய ரப்பரை முழுதாகச் சுரண்டவில்லை, கழுத்தை முடுக்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டது, அல்லது நீளத்தை அளவாக வெட்டவில்லை. முதல் பேனாவை அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே சிக்கனம்.

மையும் பராமரிப்பும்

பிரில், கேமல், குவிங்க் போன்ற சாதாரண மைப்பேனா மைகள் போதும். வரைபட மை, முத்திரை மை கூடாது. பார்க்கரின் பழைய சூப்பர்குரோம் மைப்புட்டி எங்காவது சிக்கினால் அலமாரியில் அழகுக்கு வையுங்கள். அந்த மைதான் பல பேனாக்களின் வெள்ளி மூச்சுக்குழாயைத் தின்றது.

பேனாவை எழுதாமல் வைப்பதென்றால் மையை வெளியேற்றி, அலசி, நிப்பை டிஷ்யூவில் சாய்த்து ஓர் இரவு வடியவிட்டு வையுங்கள். பீரோவில் வைப்பவர்கள் பூச்சி உருண்டையைத் தள்ளி வைக்க வேண்டும். நாஃப்தலின் ஆவி பாலிஸ்டைரினை இளக்கும், பார்க்கர் 21 இருந்தால் அது முதலில் கெடும். ரப்பர் பேண்ட் சுற்றி வைத்தால் வெள்ளி மூடியில் கறுப்பு வளையம் விழும். செல்லுலாய்ட் பேனாக்கள் சேரத் தொடங்கினால் அவற்றைத் தனிப்பெட்டியில், காற்றோட்டத்தோடு வையுங்கள்; கெடத் தொடங்கும் செல்லுலாய்ட் வெளியிடும் ஆவி பக்கத்துப் பேனாவின் உலோகத்தையும் அரிக்கும்.

பேரலில் யாருடைய பெயராவது பொறித்திருந்தால் தேய்த்து அழிக்காதீர்கள். பெயர் இருப்பதால் விலை குறையும், உண்மைதான். தேய்த்த பள்ளம் இருந்தால் அதைவிடக் குறையும்; பக்கத்திலேயே இருக்கும் தேதிக் குறியும் பெரும்பாலும் சேர்ந்தே போய்விடும்.